கூவலேந்தல் வயிறு

1977 ஜூலை 3, ஞாயிறு

பட்டாளத்தின் வெற்றி நாள் நூற்றாண்டு விழாவை என் தலையில் கட்டிவிட்டார்கள். அரவங்குடியில் வேறு வேலையில்லாத ஆள் யார் என்று தேடியிருப்பார்கள், ஓய்வு பெற்ற சுபேதார் மேஜர் இருளப்பன் அகப்பட்டிருப்பான். மாதக் கடைசிக்குள் பட்டாளத்து அருங்காட்சி அறையை மனிதர் நுழையும்படி ஆக்க வேண்டும்.

கதவைத் திறந்ததும் எலி மூத்திரமும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு வாடை வந்து மூக்கில் ஏறியது. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் போகவில்லை. கண்ணாடிப் பெட்டிகளில் ஈ எச்சம். நடுவில் சிங்காரம் நிற்கிறது. நான் ரெக்ரூட்டாக இருந்தபோது வாத்தியக் குழுவுக்கு முன்னால் நடந்து போன கிடா. செத்ததும் மதுரையிலிருந்து யாரோ வந்து வைக்கோல் திணித்துக் கொடுத்தார்கள். ஒரு கண்ணாடிக் கண் விழுந்துவிட, எவனோ அந்த இடத்தில் கோலிக்குண்டை வைத்திருக்கிறான். வயிற்றுத் தையல் பிரிந்து வண்டு கொட்டுகிறது. இதற்கு நானே சல்யூட் அடித்திருக்கிறேன்.

பலகையில் எழுத வேண்டிய வரலாற்றை இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். அரவங்குடி காலாட்படை, சுற்றுவட்டாரத்து மூன்று தாலுகா ஆட்களை மட்டுமே சேர்த்து வெள்ளைக்காரன் அமைத்தது. தாது வருஷப் பஞ்ச காலத்தில், 1877 ஜூலை 30 அன்று, கூவலேந்தல் பக்கத்தில் இருந்த சர்க்கார் தானியக் கிடங்கைக் கொள்ளையர் கூட்டம் தாக்கியது. காவலுக்கு ஒரே ஒரு கம்பெனி. மதில் கிடையாது, கருவேல முள்ளை வெட்டிப் போட்ட வேலிதான். பொழுது சாயும்வரை அந்த வேலியைக் காத்து நின்றார்கள். ஒரு படி தானியம் வெளியே போகவில்லை. நம் பக்கம் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அதற்காகக் கிடைத்ததுதான் தொப்பி வில்லை. குறுக்காக இரண்டு முள் கிளை, கீழே ‘வேலி சாயவில்லை’ என்ற வாசகம். ஊரார் எங்களை முள்ளுப்பட்டாளம் என்பார்கள். ஜூலை 30 எங்களுக்கு முள் நாள். அன்று மெஸ்ஸில் கறி விருந்து.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நெஞ்சு நிமிர்கிறது. சிங்காரத்தின் வாடைதான் இன்னும் போகவில்லை.

ஜூலை 5, செவ்வாய்

கமாண்டிங் ஆபீசர் கர்னல் தேவராஜ் கூப்பிட்டு அனுப்பினார். பெங்களூரில் வளர்ந்தவர். முந்திரிப் பருப்பை வாயில் போட்டு விரல் நுனியை நக்கி, அதே விரலால் காகிதத்தைப் புரட்டுகிறார். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. பட்டாளத்தில் சுபேதார் என்றால் கர்னலுக்கும் ‘சாப்’தான்.

“சாப், நூற்றாண்டுக்கு வில்லையைக் கொஞ்சம் புதுசாக்கணும். முள் மட்டும் இருந்தா வெறிச்சுன்னு இருக்கு. லோக்கலா ஏதாவது சொல்லுங்க.”

நான் என் மனைவி ராக்காயியைப் பற்றிச் சொன்னேன். அவள் பிறந்த ஊர் கூவலேந்தல்தான். அந்த ஊரில் முள் நாளன்று எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சோற்றுப்பானையைக் கழுவி அடுப்பின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, நாள் முழுக்கப் பட்டினி கிடப்பார்கள். கல்யாணமான வருஷம் அம்பாலா குவார்ட்டர்ஸில் இருந்தபோதே ராக்காயி அப்படிச் செய்தாள். “எனக்காக விரதமா?” என்று கேட்டேன். “எங்கூர்ல அன்னிக்கு அடுப்பு மூட்ட மாட்டாக” என்றாள். எங்கள் வெற்றி நாளுக்கு ஒரு ஊரே விரதம் இருக்கிறது, வேறு எந்தப் பட்டாளத்துக்கு இந்தப் பேறு உண்டு?

கர்னல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “பிரமாதம் சாப். ரெண்டு முள்ளுக்கு நடுவுல கவுத்த பானை. முடிஞ்சுது.”

ஜூலை 6, புதன்

ராக்காயியிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் போலிருக்கிறது.

ஜூலை 9, சனி

மதுரையிலிருந்து ஓவியர் லியோனார்டு படம் வரைந்து கொண்டுவந்தார். முதல் படத்தில் பானை கோயில் மணி போல இருந்தது. இரண்டாவதில் இரும்புத் தொப்பி. “சார், பானைன்னா வாய் மேல இருந்தாத்தான் பானை. கவுத்துட்டா எது மாதிரி வேணா ஆயிருது” என்று அலுத்துக்கொண்டார். அடுப்புக் கல் மூன்றையும் அடியில் வரையச் சொன்னேன். பிறகுதான் பானையாயிற்று.

சிங்காரத்தின் வயிற்றைத் தைத்தேன். கையுறை போட்டும் குமட்டியது.

விழாவுக்கு எந்தக் கம்பெனி அணிவகுப்பது என்று பேச்சு வந்தது. கூவலேந்தல் ஆட்கள் நிறைய இருக்கும் ஏ கம்பெனிதான் என்றார் கர்னல். நான் சிரித்தேன். கூவலேந்தல் பயல்கள் எல்லாவற்றிலும் கெட்டி, ஆனால் வருஷா வருஷம் முள் நாள் விருந்தன்று வயிற்று வலி என்று ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்பார்கள். ‘கூவலேந்தல் வயிறு’ என்று பட்டாளம் முழுக்கக் கேலி. கறியைக் கண்டாலே சேராத வயிறாம். விருந்து நாளில் நாடகமா என்று எத்தனை பேரை மூட்டை தூக்கி மைதானத்தைச் சுற்ற விட்டிருக்கிறேன்.

ஜூலை 12, செவ்வாய்

கடைசிப் பெட்டியைத் திறந்தேன். ‘கொள்ளையரிடம் கைப்பற்றியவை’. இரண்டு கதிர் அரிவாள், கம்புகள் கொஞ்சம், மீதியெல்லாம் மண் கலயங்கள். ‘வெடிமருந்து வைத்திருந்த பாத்திரங்கள்’ என்ற பழைய சீட்டு மக்கிவிட்டதால் அதையே நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். கலயங்களுக்குள் பல்லி முட்டை, கரப்பான் சிறகு, இன்னும் என்னென்னவோ. தொடவே கூசியது. மண் சாமானைத் துலக்க ராக்காயிக்குத் தெரியும். சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜூலை 13, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது.

கிணற்றடியில் ராக்காயி சாம்பலும் நாருமாக உட்கார்ந்திருந்தாள். சாக்கை அவிழ்த்து முதல் கலயத்தை எடுத்துக் கொடுத்தேன்.

“என்னது இது?”

“கொள்ளைக்காரனுக வெடிமருந்து வச்சிருந்தது. நூறு வருஷத்துச் சாமான், பாத்துக் கழுவு.”

அவள் கலயத்தைத் திருப்பி அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். கரி உதிர்ந்தது.

“வெடிமருந்த அடுப்புல வச்சா காச்சுனாக?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றின் அடியிலும் கரி. சாக்கின் அடியில் ஒன்று கிடந்தது, உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குச் சின்னது, விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கும் கலயம். அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதுலயுமா வெடிமருந்து வச்சிருந்தானுக?”

நேற்று அதற்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். ‘சிறிய ரகம்’ என்று.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. உலைக்கு அரிசி எவ்வளவு போடுவது என்று சொல்கிற குரலில் சொன்னாள். “கொள்ளைக்காரன் எவனும் வரல. கெடங்குல கஞ்சி ஊத்தறாகன்னு தமுக்கு அடிச்சிருக்காக. எங்கூருச் சனம் பூராம் கலயத்தத் தூக்கிட்டுப் போயிருக்கு. போனா சுத்தி முள்ளு. கஞ்சியும் இல்ல, போகவும் மனசில்ல. பின்னால நின்டவுக தள்ள, முன்னால நின்டவுக முள்ளு மேல விழுந்துட்டாக. வேலி சாஞ்சிரும்னு சுட்டுட்டாக. உசுரோட திரும்புனவுக வீட்டுப் பானையக் கவுத்துட்டு அப்பிடியே உக்காந்துட்டாக. அதான் அடுப்பு மூட்டுறதில்ல.”

“சுட்டது யாரு?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“வேற யாரு, நம்மாளுகதான். எங்க பாட்டனோட சித்தப்பன் வேலிக்கு உள்ள. அவரோட அக்கா வெளிய.”

“இத்தன வருசமா ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டீகளா? எனக்காக வெரதமான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டீக. கறிச்சோறு தின்ன கையோட.” கலயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். “அந்தப் பானையத்தான் எல்லாரும் தலையில குத்திக்கப் போறீக.”

எத்தனை முள் நாள் ஏப்பம் விட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறேன், அவள் பட்டினியாகக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். என்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 14, வியாழன்

ராக்காயி முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், பானை வைத்த தொப்பி இருக்கிற வீட்டுக்கு வரமாட்டாளாம். நான் பொங்கிய சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 16, சனி

ஏ கம்பெனியில் நாயக்காக இருக்கும் கருமலை கூவலேந்தல்காரன். துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தவனைத் தனியே கூப்பிட்டு, முள் நாளைப் பற்றி உன் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“சாப்புக்கு இப்பத்தான் தெரியுமா?”

“தெரிஞ்சுக்கிட்டாடா இந்தப் பட்டாளத்துல சேந்தீங்க?”

“வேற எங்க சாப் சேர? கம்மாயில தண்ணி இல்ல, காட்டுல வெள்ளாமை இல்ல. எங்கப்பாவும் இதுலதான் இருந்தாரு, பெரியப்பாவும் இதுலதான். நான் சேந்தன்னிக்கு எங்கப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். முப்பதாம் தேதி கறி போடுவான், வயித்து வலின்னு சொல்லிரு, எவ்வளவு அடிச்சாலும் வயித்து வலின்னே சொல்லுன்னாரு.” துணியை எண்ணெயில் நனைத்துக்கொண்டே சொன்னான், “சாப் என்னைய ரெண்டு வருசம் மூட்டை தூக்க விட்டீக.”

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 18, திங்கள்

கர்னலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்திரிப் பருப்பு வாயில் இருந்தபடியே கேட்டார்.

“சாப், வரலாறுன்னா நாலு பேர் நாலு விதமாத்தான் சொல்வாங்க. சரி, ஜனங்க செத்தாங்கன்னே வச்சுக்குவோம். அப்ப நம்ம வில்லையில இருக்கற பானை அவங்களுக்கும் மரியாதைதானே? முள்ளு நமக்கு, பானை அவங்களுக்கு.”

“சார், சுட்டவனும் செத்தவனும் ஒரே வில்லையிலயா?”

“இன்னும் நல்லாத்தான் இருக்கு,” என்றார். “வில்லை அச்சுக்குப் போயாச்சு. டெல்லியிலேர்ந்து ஜெனரல் வர்றாரு. உங்க வொய்ஃப் மேடைக்கு வரணும். ஜெனரல் தன் கையால ஒரு லட்டு ஊட்டுவாரு. அந்த ஊர் விரதத்தை நம்ம பட்டாளமே முடிச்சு வைக்குது. எப்படி ஐடியா?”

விரல் நுனியை நக்கினார். “சரி சார்” என்று சல்யூட் அடித்துவிட்டு வந்தேன். இந்தக் கை வேறு எதற்கும் பழகவில்லை.

ஜூலை 22, வெள்ளி

கூவலேந்தல் போனேன். கிடங்கு இருந்த இடத்தைக் கஞ்சிமேடு என்கிறார்கள். எத்தனையோ தடவை அந்த வழியாக மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறேன், ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதே இல்லை. அங்கே ஒன்றும் இல்லை, கருவேல முள்தான். ஆட்டுக்காரர்கள்கூட மந்தையை அதன் மேல் விடாமல் சுற்றி ஓட்டிப் போகிறார்கள்.

ராக்காயி அவள் அண்ணன் வீட்டில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தாள். கர்னல் சொன்னதைச் சொன்னேன்.

“நீ வரவேண்டாம். உனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்.”

“வயித்து வலின்னா?”

அவள் இன்னும் நாலு புளியை உடைத்தாள். “வர்றேன்னு சொல்லுங்க. அந்தச் சின்னக் கலயத்த மட்டும் கொண்டாந்து குடுங்க.”

“அது பட்டாளத்துச் சொத்து.”

“யாரு சொத்து?” என்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஜூலை 24, ஞாயிறு

கலயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்றவற்றைப் பெட்டியில் திருப்பி வைத்து, அந்த இடம் காலியாகத் தெரியாமல் நகர்த்தியிருக்கிறேன்.

ஜூலை 27, புதன்

புதிய வில்லைகள் வந்துவிட்டன. பித்தளை தங்கமாக மின்னுகிறது. முள்ளின் கூர்மையும் பானையின் வளைவும் கச்சிதம். அழகாக இருக்கிறது, அதுதான் பொறுக்கவில்லை. யார் பார்த்தாலும் குத்திக்கொள்ள ஆசைப்படுவார்கள்.

எனக்கு ஒன்று கொடுத்தார்கள். தொப்பியில் குத்திப் பார்த்தேன். கண்ணாடியில் பார்க்கவில்லை.

சிங்காரத்தின் தலை கழன்று விழுந்தது. பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். விழா முடியும்வரை நின்றால் போதும்.

ஜூலை 29, வெள்ளி

மெஸ் பின்புறம் கிடாக்களைக் கட்டியிருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் கத்தும். நாளை மேடையில் ஜெனரலுக்கு மொழிபெயர்க்க வேண்டியது நான். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்பாலாவில் கற்ற இந்தி என் பிழைப்புக்கு எப்போதும் உதவியிருக்கிறது. எந்த ஆபீசருக்கு எதைச் சொன்னால் பிடிக்குமோ அதையே மொழிபெயர்த்துப் பழகிய வாய் இது.

ஜூலை 30, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மைதானத்தில் ஏ கம்பெனி புதிய வில்லையோடு நின்றது. வெயில் பட்டு எல்லாத் தலையிலும் பானை மின்னியது. மெஸ் பக்கமிருந்து கறி வேகிற மணம். ஜெனரல் பேசினார், கர்னல் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். பிறகு ராக்காயியை மேடைக்கு அழைத்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையில் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஜெனரல் வெள்ளித் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினார். நல்ல மனிதர்தான், முகமெல்லாம் சிரிப்பு. அவள் வாயைத் திறக்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து அந்தச் சின்னக் கலயத்தை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினாள்.

“கஞ்சி ஊத்துங்க,” என்றாள்.

மைக் அவள் குரலையும் வாங்கி மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. ஜெனரல் என்னைப் பார்த்தார். கர்னல் முந்திக்கொண்டு, “ஆசீர்வாதம் கேட்கிறார் சார்” என்றார். ஜெனரல் கையமர்த்தி, “சாப் சொல்லட்டும்” என்றார்.

நான் இந்தியில் சொன்னேன். ஐயா, கஞ்சி ஊற்றச் சொல்கிறாள். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே நாளில் இவள் ஊர்க்காரர்கள் இப்படித்தான் கலயம் ஏந்தி வந்து கேட்டார்கள். கொள்ளையர் யாரும் வரவில்லை. பசித்து வந்தவர்களை நம் பட்டாளம் சுட்டது. இந்தக் கலயம் ஒரு பிள்ளையுடையது. நாம் இதை வெடிமருந்துச் சட்டி என்று சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைத்திருந்தோம். சீட்டு எழுதியது நான்.

என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

ஜெனரலின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கண் கலங்கியதைப் பார்த்தேன். “மனதைத் தொட்டுவிட்டது” என்றார். பிறகு கையிலிருந்த லட்டை அந்தக் கலயத்தில் வைத்துவிட்டுக் கைதட்டினார். ஜெனரல் தட்டினால் எல்லோரும் தட்ட வேண்டும். ஆபீசர்கள் தட்டினார்கள், அவர்கள் மனைவிமார் தட்டினார்கள், கர்னல் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். லட்டு கலயத்துக்குள் இறங்கவில்லை, வாயை அடைத்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தது. ராக்காயி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். என் ஆயுளில் இவ்வளவு அசிங்கமான கைதட்டலைக் கேட்டதில்லை.

அணிவகுப்பில் நிற்கிறவனுக்கு உடம்பு முடியாமல் போனால் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு நின்ற இடத்தில் உட்காரலாம், அது எங்கள் வழக்கம். முதல் வரிசையில் கருமலை குனிந்து துப்பாக்கியைத் தரையில் வைத்தான். அப்படியே உட்கார்ந்தான். அடுத்து இரண்டாவது வரிசையில் ஒருவன். பிறகு இங்கொருவன் அங்கொருவனாகக் கூவலேந்தல் பயல்கள் எல்லோரும் மைதானத்துப் புழுதியில் உட்கார்ந்துவிட்டார்கள். கைதட்டல் தானாக நின்றது.

ராக்காயி கலயத்தைச் சாய்த்தாள். லட்டு கம்பளத்தில் விழுந்து உதிர்ந்தது. கலயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கிப் போனாள்.

“என்ன சாப் இது?” என்று கர்னல் என் காதருகே சீறினார். முந்திரி வாடை.

“கூவலேந்தல் வயிறு சார்,” என்றேன். தொப்பியைக் கழற்றி மைக் மேஜைமேல் வைத்துவிட்டு நானும் இறங்கினேன்.

ஜூலை 31, ஞாயிறு

கர்னலின் ஆர்டர்லி தொப்பியைக் கொண்டுவந்தான். மறந்து வைத்துவிட்டேனாம். என்னுடையது இல்லை என்றேன். உள்ளே பெயர் எழுதியிருக்கிறது என்று திருப்பிக் காட்டினான். இருளப்பன், என் கையெழுத்துதான். கண்ணாடி போடாமல் எனக்குப் படிக்க வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கருமலையையும் மற்றவர்களையும் மூட்டை தூக்கி மைதானத்தைச் சுற்ற விட்டிருக்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் முடிக்கும்வரை நானும் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 1, திங்கள்

முதல் பஸ்ஸில் ராக்காயி வந்தாள். வாசலில் நின்றபடியே சுவர் ஆணியைப் பார்த்தாள். வழக்கமாகத் தொப்பி தொங்குகிற ஆணி. அதில் என் துண்டு தொங்கியது.

உள்ளே போய்ப் பானையை நிமிர்த்தி அடுப்பு மூட்டினாள். முள் நாளன்று நான்தான் அதைக் கவிழ்த்து வைத்திருந்தேன், அதை அவளிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள்.

“கஞ்சிதான். ஊத்தவா?” என்றாள்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன்.